சர்க்கரை குறைந்த சந்தோஷம்

பல வருடமாக இன்சுலின் போடும் என் கணவருக்கு, ஊசியின் அளவை மாற்றாமலேயே சர்க்கரை குறையத் தொடங்கியது. அப்போது அவர், தன் தங்கையின் கணவர் விற்கும் மூலிகைப் பொடியையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லவா வேண்டும்? சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பந்தியானாலும் அந்த மனுஷன் இவர் தோளில் கைபோட்டு, "பாத்தியளா, எனக்க பொடிக்க கொணத்த!" என்பார். இவருக்குக் கால் வீங்குகிறது என்று அவரிடம் சொன்னேன். "கெட்ட நீரு இறங்குதும்மா, பயப்படாத" என்றார். நம்பினேன்.

ஒருநாள் காலையில் ஆரல்வாய்மொழி பஸ் ஸ்டாப்பில் இவருக்கு வியர்த்து ஊற்றியது, பேச்சு குழறியது. டீக்கடைக்காரர் சீனியைக் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார்.

"இன்சுலினை உடைச்சு அழிக்கிறதுல கிட்னிக்குப் பெரிய பங்குண்டு. இவருக்கு கிட்னி பழுதாயிட்டு. போட்ட ஊசி அழியாம உடம்புலயே தங்கிதான் சுகர் இறங்கியிருக்கு" என்றார் டாக்டர்.

சர்க்கரை காரணமில்லாமல் குறைந்தால் உடனே கிட்னியைப் பரிசோதியுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அதையும் அந்த மனுஷன் வரும் கல்யாணங்களில்தான் சொல்கிறேன். போன வாரம் திருவட்டாற்றில், இவரைப் பந்தி நடுவே நிறுத்தி, "சுகர் கொறஞ்சது பொடியிலயா, கிட்னி போனதுலயா? பொடி விக்கிற அண்ணன்கிட்டயே கேளுங்கோ!" என்றேன். பாயசம் வருமுன்பே அந்த மனுஷன் எழுந்து பின்வாசல் வழியாக நழுவிவிட்டார்.

அடுத்த கல்யாணத்தில் நான் பின்வாசலில்தான் நிற்பேன்.