நாற்றத்தை நம்பிய ஆய்வகம்

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் மூச்சை இழுத்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். அழுகின முட்டை போல நாறுமே, ஹைட்ரஜன் சல்பைடு, அந்த வாயுவைக் கொண்டு வயிற்றுப் புண்ணைத் தடுக்க முடியுமா என்று 2007-இல் அண்ணாமலை நகரில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். அளவு கூடினால் ஆளையே கொல்லும் வாயு. ஆனால் நம் உடம்பே இதைத் துளித்துளியாகச் செய்துகொள்கிறது, இரைப்பைச் சுவரில் ரத்தம் ஓட உதவுகிறது என்று அப்போதுதான் பல இடங்களில் பேச ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான். தினமும் லேப் கதவைத் திறக்கும்போதே பாதி பயம், பாதி ஆசை. லேப்பில் சட்டை நாறியவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும்.

கட்டடம் காலியான கதை

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. கூட ஆய்வு செய்த ஆரோக்கியராஜ் சொன்னது. அவனும் யாரோ சொல்லிக் கேட்டவன். எனக்கு முன் இதே மேசையில் இருந்த குமரேசன் அண்ணன், வாயுவைத் தரும் உப்பு பாட்டிலை ஒருநாள் முதல்முறையாகத் திறந்தாராம். மூடியைத் தளர்த்தியதுதான் தாமதம், நாற்றம் படியிறங்கிப் போய் மொத்தக் கட்டடமும் காலியாகிவிட்டதாம். வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டு, அதாவது ஃப்யூம் ஹுட், அதற்கப்புறம்தான் எங்கள் லேப்புக்கு வந்ததாம்.

அந்தக் கதையிலிருந்து ஒரு வழக்கம் பிறந்திருந்தது. உப்பைத் தண்ணீரில் கரைத்து எலிக்குக் கொடுக்கும் முன், கையால் விசிறி லேசாக முகர்ந்து பார்ப்போம். அண்ணன் பாட்டில் அப்படி நாறியதென்றால் நல்ல மருந்து நாறத்தான் வேண்டும்; நாறினால் மருந்து சரி. காலையில் ஃப்யூம் ஹுட்டுக்குள் திறந்த பீக்கரில் கரைத்து வைப்பேன். எலிகளை எடை போட்டுத் தயார் செய்ய மதியம் ஆகிவிடும். வலி மாத்திரை அதிகம் கொடுத்தால் எலியின் இரைப்பையில் ரத்தக் கோடுகள் விழும். எங்கள் வாயு முன்னாலேயே உள்ளே போயிருந்தால் கோடுகள் குறைய வேண்டும். குறையவே இல்லை. மறுபடி செய்தோம், அப்போதும் இல்லை. இன்னொரு தடவை பார்க்கலாம், அதிலும் வரவில்லையென்றால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்றார் எங்கள் கைடு. ஆரோக்கியராஜ் பீக்கரை முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னான்: "மச்சான், நாத்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். மருந்துல ஒண்ணும் தப்பில்ல, எலிங்கதான் ஒத்துழைக்க மாட்டேங்குது."

கிள்ளைச் சேறு

எனக்கு ஊர் கிள்ளை. அப்பா உப்பங்கழியில் இறால் பிடிப்பவர். இடுப்பு வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு தண்ணியில் இறங்குவார். திரும்பி வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். நான் எலிக்குச் செய்வதை அவர் தனக்குத் தானே செய்துகொண்டிருந்தார். தலைப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்று நான் பதறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அலையாத்தி மரத்தடிச் சேற்றில் கால் வைத்தால் வருகிற நாற்றம் இருக்கிறதே, அதுவும் இந்த வாயுதான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன். முகர்ந்தால் ஒன்றும் குணமாகாது, அளவாக உள்ளே போக வேண்டும், அதுவும் இன்னும் எலியிலேயே நிரூபிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அப்பா வலையை உதறிக்கொண்டே சொன்னார்: "அப்ப சேத்துல நின்னு நின்னே நான் பாதி டாக்டர் ஆயிட்டேன்னு சொல்லு. மீதிய நீ படிச்சி முடி."

முட்டைக் கூடை

அடுத்த சனிக்கிழமை லேப் சட்டையோடு நேரே கிள்ளை பஸ்ஸில் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. என் பக்கத்தில் ஒரு அக்கா மடியில் முட்டைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் நேராக அவரிடம் வந்து, "எறங்கும்மா, அழுவின முட்டைய எல்லாம் வண்டில ஏத்திக்கிட்டு" என்று சத்தம் போட்டார். "எந்த முட்டைய்யா அழுவியிருக்கு? காட்டு பாப்போம்!" என்று அவர் சண்டைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கோ ஒரு வாசனையும் தெரியவில்லை. மூக்கு எப்போதோ மரத்துப் போயிருந்தது. அப்புறம்தான் உறைத்தது. எழுந்து நின்று, நாறுவது நான்தான், லேப் மருந்து என்று விளக்கினேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பஸ்ஸே சிரிக்கும்படி ஒரு கேள்வி கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "ஏன் தம்பி, மொத்தமும் ஒன் சட்டைக்கே வந்துட்டா பாட்டில்ல என்னா இருக்கும்?"

மூடி திறக்காத மருந்து

துளி வாயு இருந்தாலே ஊரைக் கூட்டும் நாற்றம் அது. ஆகவே நாற்றம் இருப்பதால் மருந்து இருக்கிறது என்று அர்த்தமில்லை. காலையில் நான் கரைத்து வைத்ததெல்லாம் மதியத்துக்குள் ஃப்யூம் ஹுட் வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது! கடைசித் தடவைக்கு வாயு கொடுக்க வேண்டிய ஒவ்வொரு எலிக்கும் அப்போதைக்கப்போது கரைத்து, இறுக மூடி, உடனே கொடுத்தேன். யாரும் முகரவில்லை.

எது வாயு கொடுத்த எலியின் இரைப்பை, எது கொடுக்காத எலியின் இரைப்பை என்று எனக்குத் தெரியாதபடி ஆரோக்கியராஜ் கிண்ணங்களுக்கு ரகசிய எழுத்துப் போட்டான். சிவப்புக் கோடு விழுந்தவை, விழாதவை என்று நான் பிரித்து வைத்தேன். அவன் எழுத்துகளைச் சரிபார்த்துவிட்டு, கைடைக் கூப்பிட ஓடினான். வாயு போன எலிகளின் இரைப்பை எல்லாம் ஒரு கோடும் இல்லாமல் ரோஜா இதழ் மாதிரி கிடந்தது. கைடு குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஒருநாளும் வேகமாக நடந்திராத மனுஷன், படியில் ஓடிக்கொண்டே கத்தினார்: "ஒருத்தரும் தொடாதீங்க, கேமரா எடுத்துட்டு வந்துடறேன்!"

கடலூரில் கேட்டது

திரும்பச் செய்தும் அதே முடிவு வந்தது, தலைப்பு தப்பித்தது. அந்தச் சந்தோஷத்தில் ஸ்வீட் வாங்கிக்கொண்டு, கடலூரில் ஒரு காலேஜில் வேலைக்குச் சேர்ந்திருந்த குமரேசன் அண்ணனைப் பார்க்கப் போனேன். கட்டடம் காலியான கதையை அவர் வாயாலேயே கேட்க ஆசை. அவர் வாயில் லட்டோடு சிரித்தார்: "டேய், அன்னைக்கு நான் பாட்டில் சீலே ஒடைக்கலடா. பின்னாடி செப்டிக் டேங்க் மூடி ஒடஞ்சிப் போச்சி. அதே முட்டை நாத்தம், எல்லாரும் நம்ம லேப்புன்னாங்க. ஃப்யூம் ஹுட் கெடைக்கும்னு நானும் கம்முனு இருந்துட்டேன்."

லேப்புக்குத் திரும்பியதும் கைடிடம் விசாரித்தேன். டேங்க் அள்ள லாரி வந்தது உண்மை, பாட்டில் பிரிக்காமல் இருந்ததும் உண்மை. ஆக, வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடிய நாங்கள் அவ்வளவு நாளும் அளவுகோலாக வைத்திருந்தது ஒரு செப்டிக் டேங்கைத்தான்.