‘சுஸ்து’ என்று ஒரு நோய்

நாய் ஆஸ்பத்திரியில் நோயாளி ஒருபோதும் பொய் சொல்வதில்லை. கூட வருகிறவர்தான் சொல்வார், அதை அப்படியே நோட்டில் எழுதுகிறவன் நான்.

டோக்கன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவர்களே, நாயை மடியில் வைத்துக்கொண்டு அந்த மேசையைச் சபித்தவர்களே, இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மைசூரில் ஒரு தொழிற்சாலையின் சங்கச் செயலாளராக இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் துண்டுப் பிரசுரங்களில் படித்ததுதான் அதிகம். கதவடைப்பு வந்தது. என் பக்கத்தில் நின்று கோஷம் போட்டவர்கள் ஒவ்வொருவராக நிர்வாகத்தின் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் போடவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தவும் இல்லை. இப்போது அக்ரஹாரத்தில் ஒரு சின்ன நாய் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறேன். டாக்டரம்மா கன்னடக்காரர், என்னைக் ‘காம்ரேட்’ என்றுதான் கூப்பிடுவார். அதில் கேலி பாதி, மரியாதை பாதி. மரியாதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உதட்டைத் தூக்கு

எங்கள் ஊர்த் தமிழில் ‘சுஸ்து’ என்ற கன்னடச் சொல் குடியேறிவிட்டது. களைப்பு, சோர்வு என்று அர்த்தம். நாய்க்கு என்ன என்று யாரைக் கேட்டாலும் ‘சுஸ்து’ என்பார்கள். காய்ச்சலும் சுஸ்து, மூட்டுவலியும் சுஸ்து, எலி மருந்தைத் தின்றிருந்தாலும் சுஸ்து. நானும் பக்கம் பக்கமாக அதையே எழுதி வந்தேன்.

மண்டி மொஹல்லா ஆட்டோக்காரர் ஒருவர், நான்கு நாளாகச் ‘சுஸ்தாக’ இருந்த நாட்டு நாயைத் தூக்கி வந்தார். டாக்டரம்மா காதுக்குள் பார்த்தார், கால் விரலிடுக்குகளைப் பிரித்தார். ஆமணக்கு விதை மாதிரி உண்ணிகள். பிறகு உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி விட்டார். அழுத்திய இடத்தில் சிவப்பு உடனே திரும்பி வரவேண்டும். அந்த ஈறில் திரும்பி வரச் சிவப்பே இல்லை. சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. உண்ணிக் காய்ச்சல். ஒரு மாதம் மருந்து கொடுத்து நாயைப் பிழைக்க வைத்தார்கள் டாக்டரம்மாவும் ஆட்டோக்காரரும். ஒரு வேளைகூட மருந்து தவறாத மனிதரை அப்போதுதான் பார்த்தேன். கடைசி நாள் அவர், மைசூர் வழக்கப்படி என்னைக் ‘குரு’வாக்கிச் சொன்னது: “குரு, டயர்ல காத்து பாக்கற மாதிரி தினம் ஒதட்டத் தூக்கிப் பாக்கறேன். மொதநாள் கடிச்சான், இப்ப அவனே தூக்கிக் காட்டறான்.”

இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு

எங்கள் கதவடைப்பு நோட்டீஸில் கையெழுத்திட்ட பர்சனல் மேனேஜர் ஒருநாள் மனைவியோடும் ஒரு லாப்ரடாரோடும் உள்ளே வந்தார். “உட்காருங்க, வரிசைப்படிதான்” என்று சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

நாய்க்கு நாலு அடி நடந்தாலே இரைத்தது. விலாவைத் தடவினால் எலும்புகள் புறங்கை எலும்பு மாதிரித் தட்டுப்பட வேண்டும் என்றார் டாக்டரம்மா. இங்கே தட்டுப்பட்டது மெத்தை. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்கக் கேட்க, உண்மை வெளியே வந்தது. மேனேஜருக்குச் சர்க்கரை, வீட்டில் இனிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால் மாலை நடையில் ‘நாய்க்காக’ மைசூர்பாகு வாங்கி, ஆளுக்குப் பாதியாகத் தின்றிருக்கிறார்கள். எத்தனையோ தொழிலாளிகளை நிற்க வைத்து விசாரணை நடத்திய மனிதர் தலைகுனிந்து நின்றார். அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை: “டாக்டர், தனித்தனியா எதுக்கு? ரெண்டு பேருக்கும் பத்தியத்தை ஒரே சீட்டில எழுதிடுங்க.”

மேஸ்திரி

முத்தம்மாள் கௌதள்ளிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். வேலை நடக்கிற இடத்திலேயே தகரக் கொட்டகையில் குடியிருப்பு. அங்கே ஒட்டிக்கொண்ட நாய் ஒன்று. முதோள் வேட்டை நாயின் கலப்பு, நீண்ட கால், ஆழ்ந்த மார்பு. ஒரு வேலையும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வந்து எல்லாரையும் முறைப்பதால் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்திருந்தார்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக அதைச் சித்தாள் வேலைக்குப் போகுமுன் நடத்தியே கூட்டிவந்தார். யாரும் சொல்லி வரவில்லை, தானாக வந்தார். கொட்டகையில் குழந்தைகள் இருக்கின்றன, அவ்வளவுதான் காரணம். நோட்டில் இன்னொரு பத்தி உண்டு: ‘வீட்டு நாயா, தெரு நாயா?’ அதைக் கேட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். “எங்களுக்கே வூடு இல்லீங்ணா, அவன் எப்படி வூட்டு நாயி ஆவான்? ஊசி போட வூடு இருக்கோணுமுங்களா?”

டோக்கன் ஒன்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம். முத்தம்மாள் மூச்சு வாங்க மேஸ்திரியை இழுத்துக்கொண்டு வந்தார். நான் நிமிராமலே “சுஸ்தா?” என்றேன். அவர் “ஆமாங்ணா, ரொம்ப...” என்று ஆரம்பித்தார். நான் ‘சுஸ்து’ என்று எழுதி, ஒன்பதாம் டோக்கனை நீட்டிவிட்டேன். “கொஞ்சம் சீக்கிரமா...” என்றார். “வரிசை எல்லாருக்கும் ஒன்றுதாம்மா” என்றேன். பணக்காரன் முன்னால் போகக் கூடாது என்பதற்காகவே வாழ்ந்தவன் நான். அந்தப் பெருமையில், நாயைப் பார்க்கவே இல்லை.

பார்த்தது மேனேஜரின் மனைவி. அவர் கையில் இரண்டாம் டோக்கன். உள்ளே போகவேண்டிய நேரம். மேஸ்திரி குனிந்து குனிந்து வாந்தியெடுக்கப் பார்த்தது. நூல் நூலாக எச்சில் தவிர ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாள் தரையில் மண்டியிட்டு அதன் வயிற்றைச் சுண்டினார். மிருதங்கம் மாதிரிச் சத்தம் கேட்டது. “எங்க பழைய நாய் இப்படித்தான் போச்சு. வயித்தில காத்து அடைச்சு, வயிறே முறுக்கிக்கும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது” என்று தன் டோக்கனை முத்தம்மாள் கையில் திணித்தார். நான் வாய் தவறி, “வரிசை...” என்றேன். அவர் திரும்பினார்: “செக்ரட்டரி, நீங்க கேட்டை மறிச்சு நின்ன அன்னைக்குக்கூட ஆம்புலன்சுக்கு வழி விட்டீங்களே!”

ஒரு மணி நேரம்

டாக்டரம்மா குழாய் செலுத்திக் காற்றை இறக்கினார். உடனே பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்தாக வேண்டும், நிமிஷம் முக்கியம் என்றார். பின் சீட்டில் முத்தம்மாள், மடியில் மேஸ்திரி, கார் ஓட்டியவர், லாப்ரடாரை மனைவியிடம் விட்டுவிட்டு வந்த பர்சனல் மேனேஜர். அந்தக் காருக்காகத் தெருவில் இறங்கி ஸ்கூட்டர்களை ஒதுக்கிவிட்டவன் நான். அதே காரை ஒரு காலத்தில் வழிமறித்தவனும் நான்தான். வயிறு பாதி முறுக்கியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்களாம்.

தையல் பிரிக்க மேஸ்திரி தன் காலால் நடந்து வந்தது. வந்ததும் என்னை முறைத்தது, நியாயம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் யாரோ புதுவீட்டு விருந்துச் சோற்றை மொத்தமாகக் கொட்ட, அது வயிறுமுட்டத் தின்றுவிட்டு ஓடியாடியிருக்கிறது. காலையிலும் மிச்சத்தைத் தின்று அதே கதை. இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை, தின்றதும் ஓட்டம் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் ‘சுஸ்து’ என்ற சொல்லை நோட்டிலிருந்தே ஒழித்துவிட்டேன். இப்போதெல்லாம் எழுந்து போய், நாயைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதை முத்தம்மாளிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்தார். நான் சங்கத்துக்காரன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். “அதை வுடுங்ணா. மேஸ்திரிக்கு இப்ப சோறு தின்னா ஒரு மணி நேரம் ரெஸ்ட்டு. எங்களுக்கு எப்பங்ணா வாங்கித் தருவீங்க?”

வாழ்நாளெல்லாம் வரிசைக்காகச் சண்டை போட்ட எனக்கு, அதை எப்போது உடைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் ஒரு மேனேஜர் வீட்டு அம்மாள் என்பது, பழைய தோழர்கள் காதுக்கு எட்டாமலே இருக்கட்டும்.