உருகும் பெட்டியோடு அடையாறுக்கு

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு எழும்பூரில் இறங்கினேன். விடுமுறை முடிந்து திரும்பும் கூட்டத்தில் யாராவது மிதித்துவிடுவார்களோ என்று திருநெல்வேலியிலிருந்து தெர்மாகோல் பெட்டியை மடியிலேயே வைத்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. பெட்டிக்குள் டிரை ஐஸ். அதன் நடுவே, எங்கள் பக்கத்துக் கிராமமொன்றில் காரணம் தெரியாமல் சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தம், உருகிவிடாதபடி உறையவைத்தது.

அதைச் சோதிக்கும் கருவி எங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லை. அதற்கென்று அறை கட்டித் திறப்புவிழாகூட நடத்திவிட்டோம், கருவிதான் வரவில்லை. அடையாறில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் காத்திருந்து இன்றைய தேதியை வாங்கியிருந்தோம். ஐஸ் மதியம் வரை தாங்கும் என்று நம்பினேன்.

ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். முன்கண்ணாடியில் பூஜை மாலை வாடிக் கிடந்தது. மயிலாப்பூரில் உடைத்த பூசணிக்காய்களுக்கு வளைந்து வளைந்து போனார் டிரைவர். ஒவ்வொரு வளைவுக்கும் பெட்டியை இறுக்கிப் பிடித்தேன்.

"இன்னா சார் பொட்டில கீது? மீனா?"

"ரத்தம்."

"ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லை, ஆராய்ச்சிக்கு."

அதன்பிறகு மெதுவாகவே ஓட்டினார்.

ஆய்வுக்கூட வாசலில் 'உலகத் தரத்தை நோக்கி' என்று பெரிய பதாகை. கருவியை இயக்கும் முரளி என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"சார், ஆயுத பூஜைக்கு மெஷினை ஆஃப் பண்ணிட்டாங்க. வருஷத்துல ஒரு நாளாவது அதுக்கு ரெஸ்ட் வேணும்னு. உள்ள காத்தே இருக்கக் கூடாது, அந்த வேக்குவம் போயிடுச்சு. திரும்ப ஏற நாளைக்கு ஆயிடும்."

கருவியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். கோபம் வந்தது, திட்ட வாய் வரவில்லை. எங்கள் துறைக் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வந்தவன்தானே நானும்.

"பெட்டியை இங்கே பிரீசரில் வைக்கலாமா?"

"அது ரிப்பேர் சார். பார்ட்ஸ் வெளிநாட்டுலேர்ந்து வரணும்."

பத்து மணிக்கு ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஓடினேன், டிரை ஐஸ் வாங்க. கிண்டியில் முக்கால் மணி நேரம் நெரிசல். கடைக்காரர் காலி டிரம்மைத் திறந்தே காட்டினார்.

"டி.நகர்ல நேத்து துணிக்கடை தொறந்தாங்கோ சார். மேடைல பொகை உடறதுக்கு அல்லாத்தையும் தூக்கினு போய்ட்டாங்கோ. சாயந்தரம் லோடு வரும்."

வெயில் ஏறியது. பெட்டியைத் திறந்து பார்க்கப் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். இரண்டு மணிக்குத் திறந்தேன். ஐஸ் இல்லை. குழாய்களைச் சாய்த்தபோது ரத்தம் அசைந்தது. உருகிய ரத்தம் தரும் முடிவை யாரும் நம்பமாட்டார்கள், நானே நம்பமாட்டேன்.

இரவு ரயிலில் பெட்டியை மேல் பலகையில் போட்டேன். யார் மிதித்தாலும் கவலையில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் என் ஆய்வு மாணவி செல்வி கூப்பிட்டாள்.

"ரிசல்ட் வந்துட்டா சார்?"

நடந்ததைச் சொன்னேன்.

"பரவால்ல சார். நான் அந்த ஊருக்கு மறுபடியும் போய் எல்லார்ட்டயும் எடுத்துட்டு வந்திருதேன்."

சரி என்றேன். ரத்தம் கொடுத்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அது அவளுக்கும் தெரியும்.