உள்ளங்கை எந்தப் பக்கம் இருந்தது: சிதம்பரத்துக்கு ஒரு சாட்சிப் பயணம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை புவனா அக்காவுடன் கடலூரிலிருந்து சிதம்பரம் போய்வந்தேன். கோயிலுக்கு இல்லை. வழக்கமாக நான் இங்கே எழுதுவது கோயிலும் சாப்பாடும்தான். இதை எழுதக் காரணம், இதே வேலையாக அலைய வேண்டிய குடும்பங்கள் நம் மாவட்டத்திலேயே பல இருக்கின்றன.

அக்கா இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் முப்பது வருடத்துக்கும் மேலாக இருக்கிறார். இலங்கையில் போர் நடந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. ஊருக்குள் வந்த சிப்பாய்கள் வீட்டில் இருந்தவர்களை வெளியே வரச் சொன்னார்கள். அக்காவும் தங்கை சுமதியும் கையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். சுட்டார்கள். தங்கை அங்கேயே இறந்துபோனாள். குண்டு அக்காவின் வலது கையைத் துளைத்தது. படகேறி வந்து, கடலூரில் அறுவை சிகிச்சை நடந்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது.

இப்போது, போர்க்காலச் சாட்சியங்களைத் திரட்டும் ஒரு வழக்கறிஞர் குழுவுக்கு அக்கா வாக்குமூலம் கொடுக்கிறார். அவர்கள் அனுப்பிய வரைவில் ‘இரு தரப்பு மோதலில் சிக்கி’ என்று இருந்தது. அக்கா இங்கே வந்திறங்கியபோது யாரோ பதிந்த தாளில் அப்படித்தான் இருக்கிறதாம். மாற்ற வேண்டுமென்றால் இரண்டு வாரம் தள்ளி வரும் வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஆதாரம் கொடுங்கள் என்றார்கள். அக்காவிடம் இருந்தது, கடலூரில் அறுவை சிகிச்சை செய்தபோது கொடுத்த மருத்துவமனைச் சீட்டு ஒன்றுதான். அதில் கையெழுத்துப் போட்ட டாக்டர் ஓய்வுபெற்று சிதம்பரத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே பத்து நாள் போய்விட்டது.

காலை 7.20க்கு கடலூரில் பஸ் ஏறினோம். 45 கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். புதுச்சத்திரம் பக்கம் சாலை வேலை நடப்பதால் இருபது நிமிடம் நின்றோம் (ஜன்னல் ஓரம் வேண்டாம், ஒரே புழுதி). இறங்கும்போது 8.55.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தோம். காத்திருப்புக்கும் சேர்த்து 350 ரூபாய். டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். என்ன விஷயமாக வந்தோம் என்று கேட்டார், சொன்னேன். தானும் பதினேழு வருடம் மிலிட்டரியில் இருந்தவர் என்றார். “வேணும்னே யாரும் ஜனங்கள சுட மாட்டாங்கம்மா. ரெண்டு பக்கமும் சுடும்போது நடுவுல மாட்டிக்குவாங்க.” எனக்குக் கோபம் வந்தது.

டாக்டருக்கு எண்பது வயது. கோர்ட், கேஸ் என்று அப்பாவை இழுக்கக்கூடாது என்று அவர் மகள் போனிலேயே சொல்லியிருந்தார். டாக்டர் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையெழுத்து தன்னுடையதுதான், ஆனால் முகம் நினைவில்லை என்றார். அக்கா எதுவும் கேட்காமல் வலது கையை மேசைமேல் வைத்தார்.

டாக்டர் மேசை விளக்கைப் போட்டு அந்தக் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் பட்டாணி அளவில் ஒரு தழும்பு. புறங்கையில் கோணலாக, ஒரு ரூபாய்க் காசை விடப் பெரிதாக ஒன்று. குண்டு சின்னதாக நுழைந்து, வெளியேறும்போதுதான் கிழிக்கும் என்று விளக்கினார். சீட்டிலும் அன்று அதைத்தான் எழுதியிருக்கிறார்.

“உள்ளங்கை துப்பாக்கியப் பாத்து இருந்திருக்கு. அத எழுதித் தரேன். சுட்டவன் மனசுல என்ன இருந்துச்சின்னு எழுத மாட்டேன். அத நான் பாக்கல.”

“மனசை எழுத வேண்டாம் டொக்டர். கையை எழுதுங்கோ,” என்றார் அக்கா.

மகள் தடுக்கவில்லை. அவரே வெள்ளைத்தாள் கொண்டுவந்து வைத்தார். ஒரு பக்கம் எழுத டாக்டருக்கு நாற்பது நிமிடம் ஆனது. பிறகு அதே ஆட்டோவில் அவரையும் ஏற்றிக்கொண்டு நோட்டரியிடம் போனோம். வழியில் டிரைவர் அது என்ன சர்டிபிகேட் என்று கேட்டார். டாக்டர் பின்சீட்டில் இருந்தபடியே தன் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

டாக்டரை வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது டிரைவர் தானாகவே ஆட்டோவை ஓரங்கட்டினார்.

“எத்தினி அடி தூரம்மா?”

“கிணத்தடியிலே நிண்டவன். பதினைஞ்சு அடி வரும்.”

“நேரம்?”

“காலமை பத்து மணி.”

“நீங்க வெளிய வந்தப்ப வேற எங்கனா வெடிச் சத்தம் கேட்டுச்சா?”

“இல்லை. நாய்தான் குலைச்சுக்கொண்டு நிண்டது.”

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். “கை தூக்குனவங்கள சுடக்கூடாதுன்னு மொத வாரமே சொல்லிக் குடுத்துருவாங்கம்மா. அது தெரியாத சிப்பாய் எந்த நாட்டுலயும் கெடையாது. காலைல நான் சொன்னது தப்பு.”

அக்கா “ஓம்” என்று தலையாட்டினார். பஸ்ஸில் ஏறியதும் என் நோட்டை வாங்கி, தூரம், நேரம், சத்தம் மூன்றையும் இடது கையால் தானே எழுதினார். இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். டாக்டரின் கடிதத்தோடு அதையும் புதன்கிழமை அனுப்பினோம். அடுத்த திங்களன்று திருத்திய பிரதி வந்தது. ‘கைகளை உயர்த்தி நின்றபோது, பதினைந்து அடி தூரத்திலிருந்து சுடப்பட்டு’ என்று இருந்தது. சுமதியின் பெயரை அக்கா இரண்டு முறை வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இப்படிப் போகிறவர்களுக்கு: முகாமில் வருகைப்பதிவு இல்லாத நாளாகப் பார்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பழைய மருத்துவச் சீட்டு கிழிந்திருந்தாலும் லேமினேட் செய்யாதீர்கள். நகல் மூன்று எடுத்துக்கொண்டு அசலைக் கையிலேயே வைத்திருங்கள். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுபவரின் ஆதார் அட்டை வேண்டும். மதிய வெயிலுக்கு முன் வேலையை முடிப்பது வயதானவர்களுக்கு நல்லது.

ராணுவத்தினர் வேண்டுமென்றே மக்களைக் கொல்வார்களா என்று எங்கள் வீட்டிலேயே வாதம் நடந்திருக்கிறது. எல்லா நாட்டுச் சிப்பாய்களைப் பற்றியும் எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தால், ஏன் சுட்டார்கள் என்று அவரிடம் கேட்காதீர்கள். அது அவருக்குத் தெரியாது. கை எங்கே இருந்தது, எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.