குவிமாடத்தின் உட்பக்கம்

பக்கத்து வளவுக்காரி விழுந்து இடுப்பு முறிந்து படுத்த பிறகு ஒன்றைத்தான் கேட்டாள். முல்லைத்தீவுக் கடலோரம் நிற்கும் சிலுவை வைத்த பழைய வேதக்கோயிலின் குவிமாடத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். அவளுக்குக் கலியாணம் நடந்தது அதன் கீழேதான். மாப்பிள்ளையைப் பார்க்க வெட்கப்பட்டு, முழு நேரமும் அண்ணாந்துகொண்டே நின்றவளாம். இனி அவளால் பஸ் ஏற முடியாது.

"நான் படம் எடுத்துக்கொண்டு வாறன்" என்றேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். படம் எடுக்க எழுத்து எதற்கு? மகள் அனுப்பிய போனில் வட்டத்தை அமத்தினால் போதும்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலை வலம் வந்தேன். கடல் வெளிச்சத்தில் குவிமாடம் நிலத்தில் படாமல் மிதப்பதுபோல் இருந்தது. எல்லாப் பக்கமும் எடுத்தேன். உள்ளே போகுமுன் போனை முந்தானையில் முடிந்துவிட்டுக் கும்பிட்டேன்.

படங்களைப் பார்த்தவள் கேட்டாள்.

"உள்ளுக்க எடுத்தது எங்கையடி?"

"சாமி இருக்கிற இடத்தை ஆரும் படம் எடுக்கிறதே?"

"எடி விசரி, அது உங்கட கோயிலில. எங்கட கலியாணத்துக்குப் படம் பிடிக்கிறவன் பீடத்துக்குப் பக்கத்திலயே நிப்பான்!"

சிரித்ததில் இடுப்பு நொந்தது அவளுக்கு. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் வெளியில நிண்டே கலியாணம் முடிச்சனான்?"

அடுத்த நாளும் பஸ் ஏறினேன். குவிமாடத்தின் நேர் கீழே நின்றால் கழுத்து வளையவில்லை. குளிர்ந்த தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். ஒரு கன்னியாஸ்திரி ஓடி வந்தார்.

"அம்மா, தலை சுத்துதோ?"

"இல்லை சிஸ்ரர், படம் எடுக்கிறன்."

"எடுங்கோ, எடுங்கோ" என்று சிரித்தபடி விலகிப் போனார்.

மேலே நீலம். பூச்சு உதிர்ந்த இடங்கள் முகில் மாதிரி. சின்ன யன்னல்களால் வந்த வெயில் மெல்லச் சுற்றியது. கடலின் இரைச்சல் அதற்குள் ஏறி, வேறு குரலாகத் திரும்பி இறங்கியது. நான் மேலே போகிறேனா, அது என்மேல் இறங்குகிறதா தெரியவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தேனோ, எடுக்க வந்ததையே மறந்து, கடைசியில்தான் வட்டத்தை அமத்தினேன்.

கட்டிலில் மல்லாந்து கிடந்தவளின் முகத்துக்கு மேலே போனைப் பிடித்தேன். கை உளைந்து, கொஞ்சம் கீழே இறக்கினேன்.

"உயத்திப் பிடியடி" என்றாள். "அது தூரத்திலயல்லோ இருந்தது."

உயர்த்திப் பிடித்தேன்.