மண்டபத்தில் நாரி பார்ப்பதில்லை

கனகாம்பிகையின் கிளினிக்கைக் கவிழ்க்கப் பார்த்தது அவளுடைய இளகிய மனம்தான். நான் மேரிறோஸ், அங்கே டெலிபோன் எடுக்கிறவள். பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டவள் என்பதால் சொல்கிறேன்.

பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்துகொண்டே கைரோபிராக்டர் படிப்பை முடித்தவள் அவள். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே சீர்செய்கிற வைத்தியம். தொண்ணூறாம் ஆண்டு லண்டன் டூட்டிங்கில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்தாள். அடுத்த பங்குனிக்குள் கிளினிக் தன் காலில் நிற்காவிட்டால் அறையை விட்டுவிட்டுப் பழையபடி பெற்றோல் ஸ்டேஷன்தான்.

எங்கள் சனத்துக்கு நாரி நோவுக்கு, அதுதான் இடுப்பு வலிக்கு, குறைவில்லை. ஆனால் ஒருவரும் எங்கள் படியேறவில்லை. ஏன் ஏறவேண்டும்? கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எங்கே நடந்தாலும், சாப்பாடு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அவளைப் பிடித்துவிடுவார்கள். "பிள்ளை, ஒருக்கா அமத்திவிடு." இவளும் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலத்தில் முழங்காலிட்டு அமத்துவாள். எலும்பு 'டக்' என்றால் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வைத்தியமோ, வித்தை காட்டுறியோ?" என்று கேட்டேன்.

"மூத்த ஆக்கள் கேட்கேக்க எப்பிடியக்கா முகத்தை முறிக்கிறது?"

தைப்பொங்கல் கழிந்த கிழமை, வெறும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "இனிக் கிளினிக்குக்கு வெளியில ஆரையும் தொடமாட்டன். வாறவையை முதல் விசாரிச்சு, சோதிச்சுப்போட்டுத்தான் கை வைப்பன்."

"மாமியாரா இருந்தாலுமோ?"

"மாமியாரா இருந்தாலும்."

மாசியில் குரோய்டனில் ஒரு கலியாணம். பரமேஸ்வரன் மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் புருஷனின் தாய்மாமன். இவர்கள் லண்டனுக்கு வந்த புதிதில் செவன் கிங்ஸில் தன் வீட்டில் இடம் கொடுத்தவர்.

"பிள்ளை, காலும் விறைக்குது. இந்த மேசையிலயே பாத்துவிடு."

"இங்க ஏலாது மாமா. கிளினிக்குக்கு வாங்கோ, சோதிச்சுப் பாக்கோணும்."

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். "என்ர வீட்டில இருந்து படிச்சனி. எனக்கு அப்பொயின்மென்ட்டோ?" என்றார். அவள் புருஷன் நிலத்தைப் பார்த்தான். அவளுடைய கைகள் நீளவேயில்லை.

திங்கட்கிழமை டெலிபோன் அடித்ததெல்லாம், தைக்குப் பிறகு நாள் குறித்திருந்த நாலைந்து பேரும் வரவில்லை என்று சொல்லத்தான். நானே பயந்துபோய், "ஒரு மன்னிப்புக் கேட்டுவிடன்" என்றேன்.

"கேட்கமாட்டன்" என்றாள்.

மறுநாள் காலை மாமா வந்தார். மாமி முதுகைத் தாங்க, கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். "டொக்டர் அம்மாவிட்டச் சொல்லும், அப்பொயின்மென்ட்காரன் வந்திருக்கிறான்" என்றார் என்னிடம். வலியிலும் வீம்பு குறையவில்லை.

அவள் விசாரித்தாள். எங்கே நோகுது, எப்போது தொடங்கியது, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா?

"நாரிக்கும் சலத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சீறினார். பிறகு குரல் தாழ்ந்தது. "நேற்றிலயிருந்து போகேல்லை. குந்தியிருக்கிற இடமும் மரத்துப்போச்சு."

கனகாம்பிகை எழுந்துவிட்டாள். அவர் முதுகில் அவள் கை வைக்கவேயில்லை. "அக்கா, அம்புலன்ஸுக்கு அடியுங்கோ!" என்று கத்தினாள்.

எலும்புகளுக்கு நடுவேயுள்ள தட்டு ஒன்று பிதுங்கி நரம்புகளை நெரித்துக்கொண்டிருந்ததாம். அன்றைக்கே அறுவை செய்தார்கள். யாராவது முதுகை ஓங்கி அமத்தியிருந்தால் கால்கள் போயிருக்கக்கூடும் என்றார் பெரிய டொக்டர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மாமா அவள் கையைப் பிடித்தார். "அண்டைக்கு நீ ஓமெண்டிருந்தா, பிள்ளை?"

அவள் வெளியே வந்து, சுவரில் சாய்ந்து அழுதாள். "போன மாசம் கேட்டிருந்தா ஓமெண்டிருப்பன் அக்கா. எத்தினை பேருக்கு ஓமெண்டனான்!"

பங்குனியில் அறையை விடவேண்டி வரவில்லை. மாமாவின் கதை பரவி, படியில் சனம் ஏறத் தொடங்கியது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை அவள் அறையைப் பற்றி யோசிக்கவில்லை. எனக்கு முன்பே வந்து, என் கதிரையில் இருந்து, மண்டபங்களில் தான் அமத்திவிட்டவர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்தி டெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு ஒண்டும் கேட்காமல் உங்களில கை வைச்சிட்டன். ஒருக்கா வாங்கோ, இப்ப கேக்கிறன்."