பீரோவுக்குள் நாற்பது வாட்

ஏற்காட்டில் பீரோவுக்குள் பல்பு எரிந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மழைக்காலத்தில் துணியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அடித்தட்டில் ஒரு பதினைந்து வாட் குண்டு பல்பைப் போட்டுவைப்பது இங்கே வழக்கம். கல்யாணப் புடவை, சர்டிபிகேட், பைபிள் எல்லாம் அந்தச் சூட்டில்தான் பிழைத்துக் கிடக்கின்றன. என் பேஸ் கிடாரையும் உள்ளே நிற்கவைத்தபோது நாற்பது வாட் பல்பாக மாற்றினேன். பெரிய சாமானுக்குப் பெரிய பல்பு. இருபது வருடம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவனுக்கு மூளை அவ்வளவு தூரம்தான் ஓடியது.

அந்தக் கிடார் மஞ்சக்குட்டை ஆசாரி கையால் செய்தது. கதவு நிலையும் சர்ச் பெஞ்சும் செய்கிறவர். சர்ச்சில் உடைந்து கிடந்த பழைய பேஸைப் பிரித்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். உடம்பு பலா, கழுத்து தேக்கு, விரல் வைக்கும் பலகை ஈட்டி மரம். நான் அதை வாசிப்பதைவிடத் துடைப்பதுதான் கேட்க நன்றாக இருக்கிறது என்பது என் மனைவியின் கருத்து.

கையில் சுளுக்கு என்று சொல்லி இரண்டு மாதம் சர்ச் பாட்டுக் குழுவுக்கு மட்டம் போட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஆசாரி போன் செய்தார்.

"ஏனுங்க ரைட்டரே, ஞாயித்துக்கெழம வாசிக்கிறீங்கல்ல? சேலத்துல இருந்து ஒரு டீச்சரம்மா வர்றாங்க. அவங்களும் பேஸ் வாசிக்கிறவங்களாம். நம்ம கிடாரக் கையில புடிச்சுப் பாத்துட்டு, சரியா இருந்தா ஒண்ணு செய்யச் சொல்றாங்களாம்."

வெளியாள் ஒருவர் அவரிடம் கேட்டுவரும் முதல் கிடார் அது. என்னுடையது கேட்டுச் செய்ததில்லை, டீக்கடைப் பேச்சில் பிறந்தது.

பீரோவைத் திறந்தேன். கழுத்து முன்பக்கமாக வளைந்து, கம்பிகள் துணிக்கொடி மாதிரி உயரத்தில் நின்றன. கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் ரம்பம் மாதிரி குத்தியது. பலகையில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுகளின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதை முடுக்கினால் வளைவு நிமிரும் என்று தெரியும். எந்தப் பக்கம் முடுக்குவது என்று தெரியாது. முடுக்கினேன். இன்னும் வளைந்தது.

"தெரிஞ்சவங்ககிட்டக் குடுங்க," என்றாள் மனைவி. "நீங்க ரிப்பேர் பண்ணுன கொழாயி இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்குது."

மறுநாள் காலையில் கிடாரோடு ஜீப் ஏறி மஞ்சக்குட்டை போனேன். பெரிய பல்பின் சூடுதான் வேலையைக் காட்டியிருக்கும் என்று எனக்கே சந்தேகம். பல்பைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று வழியெல்லாம் தீர்மானித்தபடி போனேன்.

ஆசாரி கழுத்தின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு முகர்ந்தும் பார்த்தார்.

"வெயில்ல வெச்சீங்களா?"

"இந்த மாசத்துல நம்மூருல ஏதுங்க வெயிலு?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று முடுக்கினார். டீ குடித்தோம். இன்னொரு கால் சுற்று. மரத்துக்கு அவகாசம் கொடுக்க வேண்டுமாம். மத்தியானத்துக்குள் வளைவு பாதி இறங்கியது. ஃப்ரெட் முனைகளை ராவுவதற்கு அரத்தை எடுத்தவர், கீழே வைத்துவிட்டார்.

"இப்ப ராவுனா, மரம் மறுபடி ஈரம் குடிச்சு உப்புனதுக்கப்பறம் முனையெல்லாம் உள்ள போயிருமுங்க. எனக்கு இன்னும் மரம் புடிபடலீங்க ரைட்டரே. காயாத மரத்த அவசரப்பட்டு அறுத்துட்டனாட்ட இருக்குது. நாளைக்கி அந்தம்மாகிட்ட, வேண்டாமுங்கன்னு சொல்லிர்றேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நொம்ப நல்ல டீ என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பிடித்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீச்சர் கிடாரை மடியில் வைத்துக் கழுத்தில் கையை ஓட்டினார். விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இதச் செஞ்சது நீங்களாங்க?" என்று ஆசாரியைக் கேட்டார்.

ஆசாரி பேச வாயெடுக்கும்முன் என் குரல் எனக்கே கேட்டது. "பீரோவுக்குள்ள பல்பு போட்டு வெச்சிருந்தனுங்க."

ஆசாரி என் பக்கம் திரும்பினார். "எத்தன வாட்டு?"

"நாப்பது."

"எத்தன நாளு?"

"ரெண்டு மாசமுங்க."

"எந்தப் பக்கம் பல்பப் பாத்துட்டு இருந்துச்சு?"

"கம்பிப் பக்கமுங்க."

திட்டுவார் என்று நின்றேன். அவர் முகமோ காய்ச்சலுக்குக் காரணம் கண்டுபிடித்த டாக்டர் முகம் மாதிரி தெளிந்தது. "பாருங்க டீச்சரம்மா, முன்பக்கம் காஞ்சு சுருங்கிருச்சு, பின்பக்கம் அப்படியே நின்னுருச்சு. வளையாம என்ன பண்ணும்? ஃப்ரெட்டு வெளிய வரலீங்க, பலகதான் உள்ள போயிருக்குது."

பாட்டுக் குழுவே சுற்றி நின்று குனிந்து பார்த்தது. "எங்கூட்டுப் பொடவையும் இப்படித்தான் சுருங்குதுங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். "அது நீ பெருத்துட்ட," என்றார் அவர் கணவர்.

டீச்சர் ஸ்பீக்கரில் மாட்டிக் கொஞ்ச நேரம் வாசித்தார். அந்தக் கிடாருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

"எங்கூரு சித்திர வெயிலு இவரு பீரோவுக்குக் கொறஞ்சதில்லீங்க," என்றார். "இவ்வளவு வெந்தும் ஒட்டு விடல, வெடிக்கல. எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. ஆனா மரத்த மொதல்ல எங்கூட்டு மாடி ரூம்புல ஒரு கோட காய வெச்சிட்டு, அப்பறமா அறுங்க."

"கொண்டாந்து குடுக்கறது ரைட்டரு," என்றார் ஆசாரி, என்னைக் கேட்காமலே.

அடுத்த வாரம் ஒரு பலா, ஒரு தேக்கு, ஓர் ஈட்டி என்று மூன்று பலகைகளோடு சேலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, கட்டலு சட்டமுங்களா?" என்றார் கண்டக்டர்.

"கிடாருங்க."

பலகைகளை மேலும் கீழும் பார்த்தார். "கம்பி எங்கீங்க?"

"அது அடுத்த வருசமுங்க."

டீச்சர் வாசலிலேயே நின்று பலகைகளை வாங்கி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தண்ணீர்கூடக் கொடுப்பதற்குமுன் கேட்டார்: "வழியில எங்கியும் சூடு காட்டலீங்கல்ல?"

"இல்லீங்க டீச்சர். பஸ்ஸுல நெழலுப் பக்கமாத்தான் உக்காந்துட்டு வந்தேன்," என்றேன்.